.308 ரைபிளுக்குத் தோட்டா ஏற்ற: பொறுக்கிய கூடா, புதுக் கூடா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டெக்சாஸில் இருக்கிறீர்கள். போன வருடம் .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்று வாங்கினீர்கள். ரேஞ்சில் மற்றவர்கள் விட்டுப்போன காலிக் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்ததில் நானூறுக்குப் பக்கம் வந்துவிட்டது. அவற்றில் புதுப் பவுடரும் குண்டும் ஏற்றி மறுபடி தோட்டாவாக்க, பிரஸ் (அழுத்தும் கருவி), டை (சுட்டதில் பெருத்த கூட்டை நெருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) எல்லாம் வாங்கியாயிற்று. ஒரு கூடு ஒரு டாலருக்கு மேல் விற்கும் லப்புவா பிராண்டுப் புதுக் கூட்டை வாங்கித்தான் ஆக வேண்டுமா, கையில் இருப்பதையே சுத்தம் செய்து ஏற்றலாமா, எந்த வேலை கட்டாயம், எது சும்மா சடங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பிராண்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், ஆனால் அதற்கடியில் இருப்பது வேறு கேள்வி: யார் சுட்டது, எத்தனை முறை சுட்டது என்று தெரியாத ஒரு கூட்டை நம்பி, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வெடிக்க வைக்கலாமா? அதற்கு என் பதில், உங்கள் நானூறில் பெரும்பாலானவற்றுக்கு, வேண்டாம் என்பதுதான். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோயம்புத்தூரில் ஒரு டூல் ரூமில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். இங்கே வந்த பிறகு 14 வருடமாக .308 போல்ட் ரைபிளுக்கு நானே தோட்டா ஏற்றுகிறேன். மான் வேட்டைக்கும், 300 கஜம் வரை காகித இலக்குக்கும். செமி ஆட்டோமேடிக்குக்கு நான் ஏற்றியதில்லை, பெஞ்ச்ரெஸ்ட் (ரைபிளை மேசைமேல் தாங்கி வைத்துத் துல்லியமாகச் சுடும்) போட்டிகளில் கலந்துகொண்டதும் இல்லை. அந்த இரண்டிலும் ஊறியவர்கள் சொன்னால் என் பேச்சைவிட அவர்கள் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் எவ்வளவு என்று இங்கே ஒரு எண்கூடச் சொல்லமாட்டேன். அது பவுடர், குண்டு தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டுமே வர வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ஏற்றிக்கொள்ள ஃபெடரல் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊருக்குப் போகும்போது நினைவுப் பொருளாகக்கூட ஒரு கூட்டைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், விமான நிலையத்தில் வீண் தொல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு தோட்டாவில் நான்கு உருப்படிகள்: குண்டு, பவுடர், அடி விழுந்ததும் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. முதல் மூன்றும் ஒரு தடவையோடு தீர்ந்துபோகும். கூடு மட்டும் திரும்பி வந்து மறுபடி வேலைக்குப் போகும். அது சுமார் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும் கணத்தில் ஊதிப் பெருத்து, சேம்பர் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தாழை) திறந்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். .308க்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் முப்பத்தைந்து பவுண்டு போல வைக்கிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டின் சுவரைப் பார்த்தால், அது எவ்வளவு மெல்லியது என்று உறைக்கும். ஒவ்வொரு முறை ஊதிச் சுருங்கும்போதும், டையில் அமுக்கும்போதும் பித்தளை கொஞ்சம் இறுகும், கொஞ்சம் இழுபடும். ஆகவே கூட்டின் பெயரைவிட அதன் ஜாதகம் முக்கியம். எந்தத் துப்பாக்கியில், எத்தனை முறை, எவ்வளவு அழுத்தத்தில் சுடப்பட்டது? பொறுக்கிய கூட்டில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை.

நானூறையும் மேசையில் கொட்டி, முதலில் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். இரும்புக் கூடு ஒட்டிக்கொள்ளும், அதைத் தள்ளிவிடுங்கள். அடுத்து ஒவ்வொன்றின் வாய் வழியாகவும் டார்ச் அடித்து உள்ளே அடியைப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் வகை, ஏற்றலாம். நடுவில் துளை இல்லாமல் பக்கவாட்டில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டான் வகை. அதை உங்கள் டையில் விட்டால் பிரைமரைத் தள்ளும் ஊசிதான் முறியும், அதனால் வேண்டாம். கூட்டின் உடம்பில் நீளவாக்கில் கரிக்கோடுகள் வரிசையாக ஓடினால், அது ஹெக்லர் அண்ட் காக் ஜி3 குடும்பத்துத் துப்பாக்கியிலிருந்து வந்தது. அவற்றின் சேம்பரில் வாயு ஓடுவதற்கென்றே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். அந்தத் துப்பாக்கி கூட்டை வேகமாக வீசி எறிவதில் பல நசுங்கியும் இருக்கும். அதையும் ஒதுக்குங்கள்.

மிச்சத்தை அடியில் பொறித்த எழுத்து வாரியாகப் பிரியுங்கள். ஒரு குவியலில் ‘எல்சி’ என்ற எழுத்தும், பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும், வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறியும் இருக்கும். அது மிசௌரியில் இருக்கும் லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையின் கூடு, .308இன் ராணுவ வடிவமான நேட்டோ 7.62×51. பித்தளை நல்ல பித்தளைதான், எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, ராணுவ இயந்திரத் துப்பாக்கிகளின் சேம்பர் தாராளமாக வெட்டப்பட்டது, அதில் சுட்ட கூடு முதல் சுற்றிலேயே நன்றாக நீண்டுவிடும். இரண்டு, பிரைமர் கழன்றுவிடாமலிருக்க அதைச் சுற்றி விளிம்பை அமுக்கிவிட்டிருப்பார்கள். அந்த அமுக்கலை எடுக்காமல் புதுப் பிரைமரைத் திணித்தால் பிரைமர் நசுங்கும், வெடிக்கவும் கூடும். மூன்று, சுவர் தடிமன், அதனால் உள்ளிடம் குறைவு.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உள்ளிடம் குறைந்தால் அதே அளவு பவுடருக்கு அழுத்தம் கூடும். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல எட்டரை மடங்கு. வெளி அளவு ஒன்றேயான இரண்டு கூடுகளில் ஒன்று 10 கிரெயின் கூடுதல் கனமாக இருந்தால், அதற்குள் ஏறத்தாழ 1.2 கிரெயின் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். (7,000 கிரெயின் ஒரு பவுண்டு.) என் தராசில் ராணுவக் கூடுக்கும் சில கடைக் கூடுகளுக்கும் நடுவே இதைவிடப் பெரிய வித்தியாசம் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு கூட்டில் பத்திரமாக இருந்த அளவை இன்னொரு கூட்டுக்கு அப்படியே தூக்கிப்போடக் கூடாது. கூடு மாறினால், கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏறி வர வேண்டும். நீங்களே அளந்து பார்க்கலாம்: சுட்ட கூட்டில் பழைய பிரைமரை அப்படியே விட்டு, எடை போட்டு, வாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, குமிழி போகத் தட்டிவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்து கூடு அளந்தால் போதும். ஒரு மாலை நேர வேலைதான், ஆனால் இதைச் செய்தவர்கள் அப்புறம் கலப்புக் கூடுகளை ஒன்றாக ஏற்ற மாட்டார்கள்.

அடுத்தது கம்பிச் சோதனை. இதைப் பொறுக்கிய கூட்டுக்கு மட்டுமல்ல, உங்கள் சொந்தக் கூட்டுக்கும் காலம் முழுவதும் செய்ய வேண்டும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் செங்குத்தாக மடக்கி, அந்த நுனியை அரத்தால் கூராக்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் அடிவரை விட்டு, நுனி சுவரை உரசும்படி மெதுவாக மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழவழவென்று ஏறி வரும். கெட்டுப்போன கூட்டில், அடியிலிருந்து கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் நடுவில் எங்கேயாவது நுனி ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்து ஏறும். அந்த இடத்தில் சுவர் உள்பக்கமாகத் தேய்ந்து மெலிந்திருக்கிறது. வெளியிலும் அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியலாம். ஆனால் வளையத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டையின் விளிம்பு முடியும் இடத்திலும் இதேபோல ஒரு கோடு விழும், அதனால் கெடுதல் இல்லை. கம்பி சொல்வதுதான் தீர்ப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு கூட்டை ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் விரலுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப நாட்களில் டையோடு வந்த தாளில், டை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, அதற்குமேல் கொஞ்சம் திருகி வை என்று இருந்தது. அப்படியே செய்தேன். ஐந்தாவது தடவை ஏற்றிய கூடுகளில் ஒன்றைச் சுட்டபோது சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, முகத்தில் சூடான காற்றுபோல ஏதோ பட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. போல்ட்டைத் திறந்து இழுத்தால் கூட்டின் அடிப்பக்கம் அரை அங்குலம் மட்டும் வந்தது. மிச்சம் சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அறுந்த விளிம்பைக் கையில் வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் காகிதம்போல மெலிந்திருந்தது. டூல் ரூமில் எட்டு வருடம் இருந்தவன், அளக்காமல் ஒரு டையைச் செட் செய்திருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. பிறகு அளந்தபோது, ஒவ்வொரு முறையும் கூட்டின் தோளை (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவை) எட்டு தௌ பின்னுக்குத் தள்ளியிருந்தது தெரிந்தது. (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்போம். தலைமுடி ஏறக்குறைய மூன்று தௌ.) சுடும்போது தோள் எட்டு தௌ முன்னே போகும், டையில் எட்டு தௌ பின்னே வரும். அந்த நீட்டத்துக்கான பித்தளை எங்கிருந்து வரும்? அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்துதான்.

ஆகவே தயாரிப்பில் எது கட்டாயம் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்வேன்: உங்கள் ரைபிளின் சேம்பருக்கு ஏற்ப டையை அளந்து வையுங்கள். அடியிலிருந்து தோள்வரை அளக்க, வெர்னியரில் மாட்டும் கம்பாரேட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. உங்கள் ரைபிளில் சுட்ட கூட்டின் பிரைமரை எடுத்துவிட்டு, அடியிலிருந்து தோள்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தடவை சுட்டதில் கூடு முழுசாக சேம்பரை நிரப்பியிருக்காது, இரண்டு மூன்று முறை சுட்ட கூட்டின் அளவே நம்பகம். டையை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாக வைத்து ஒரு கூட்டை விட்டு எடுங்கள். இப்போது தோள் பின்னால் போகாமல் ஒன்றிரண்டு தௌ முன்னால் வந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம், உடம்பை நெருக்கும்போது பித்தளை மேலே பிதுங்குகிறது. அங்கிருந்து துளித் துளியாக டையை இறக்கி, சுட்ட அளவைவிட ஒன்றரை இரண்டு தௌ குறையும் இடத்தில் பூட்டுங்கள். போல்ட் ரைபிளுக்கு இது போதும். செமி ஆட்டோவுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை விடுவார்கள், அங்கே கூடு தானாகவே தடங்கலில்லாமல் உள்ளே போக வேண்டுமே. கழுத்தை மட்டும் நெருக்கி, தோளைத் தொடாமல் விடும் முறையும் உண்டு. நானும் மூன்று சீசன் அப்படிச் செய்தேன். நாலைந்து சுற்றில் போல்ட் இறுக்கமாக மூடத் தொடங்கும், காட்டில் அது நல்லதில்லை. இப்போது அதை விட்டுவிட்டேன்.

டையில் விடுவதற்கு முன் கூடு சுத்தமாக இருக்க வேண்டும். பளபளப்பு முக்கியமில்லை, மண்ணும் கரியும் போனால் சரி. ஒரு மணல் துகள் டைக்குள் போனால் அதற்கப்புறம் வரும் கூடு அத்தனையிலும் கீறல் விழும். கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ப்ளர் இயந்திரத்தை மக்காச்சோளக் கருது தூளோடு ஓடவிடலாம், அல்லது துருப்பிடிக்காத எஃகு ஊசிகளோடு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து ஓடவிடலாம். அமிலம் அதிகமானால் துத்தநாகம் கரைந்து கூடு இளஞ்சிவப்பாக மாறும், அளவோடு நிறுத்துங்கள். உலர் முறையில் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கலவை இருக்கிறது, அந்தத் தூசி சோளத் தூளில் சேரும். வீட்டுக்குள் வைத்து ஓட்டாதீர்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள், தூளைக் கொட்டிச் சலிக்கும்போது முகமூடி போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நான் ஈரமுறைக்கு மாறியதற்கு இதுதான் முழுக் காரணம். கழுவிய கூட்டைச் சீக்கிரம் காய வேண்டும் என்று அடுப்பு ஓவனில் அதிகச் சூட்டில் வைக்காதீர்கள், வெயில் போதும்.

அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் கூட்டின் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். இதற்குப் பின்னால் நம் நாட்டு மழைக்காலம் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களை ஒட்டித் தோட்டாக்களைச் சேமித்து வைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் அவற்றின் பித்தளை தானாக வெடிப்பு விட்டது. பருவத்தில் வருவதால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, காற்றின் ஈரம், தயாரிப்பின்போது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். தயாரிப்பின் கடைசியில் பித்தளையை வாட்டி அந்த இறுக்கத்தை எடுத்ததும் தொல்லை அடங்கியது. நம் கூடுகளும் அதே பித்தளைதான், டையில் நெருக்கிய கழுத்தில் இறுக்கம் எப்போதும் உண்டு. உங்களிடம் கோழிக் கொட்டகையோ மாட்டுத் தொழுவமோ இருந்தால், கூடு வைக்கும் டப்பா அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

டையில் விடும்போது மெழுகு இல்லாமல் விட்டால் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும், வெளியே வராது. அளவுக்கு மீறிப் பூசினால் தோளில் குழி விழும். விரல் நுனியில் பட்டும் படாமலும் எடுத்து உடம்பில் உருட்டுங்கள், தோளில் வேண்டாம். கழுத்தின் உள்பக்கத்துக்கும் ஒரு துளி வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் டையின் உருண்டை திரும்பும்போது கீச்சென்று கத்திக்கொண்டு கழுத்தையும் கோணலாக இழுத்துவரும். முடிந்ததும் மெழுகைத் துடைத்துவிடுங்கள்.

நீளம் சரிபார்ப்பது எளிது, ஆனால் விடக் கூடாது. .308 கூட்டின் உச்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கழுத்தின் விளிம்பு சேம்பரின் முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். 2.005க்கு வெட்டுங்கள். எப்போதும் டையில் விட்ட பிறகுதான் அளக்க வேண்டும், டைதான் நீளத்தைக் கூட்டுகிறது. வெட்டிய விளிம்பின் உள்ளும் வெளியும் லேசாக வழித்துவிடுங்கள். விரல் நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டாமலிருந்தால் போதும், கத்தி முனைபோலக் கூராக்க வேண்டியதில்லை. பிரைமர் குழியில் கரியைச் சுரண்டுங்கள். பிரைமரை உட்கார வைத்தபின் விரலை ஓட்டினால் அது அடிமட்டத்துக்கு இரண்டு மூன்று தௌ கீழே இருப்பது தெரிய வேண்டும், மேலே துருத்தக் கூடாது. பிரைமர் கையழுத்தத்துக்கே லொடலொடவென்று உள்ளே போனால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. ஏழெட்டு சுற்றுக்கு முன்பே பல கூடுகளில் அப்படி ஆனால், குறையைப் பித்தளையில் தேடாதீர்கள், உங்கள் பவுடர் அளவைக் குறையுங்கள்.

இப்போது வாட்டுவது, அதாவது அனீலிங். கும்பகோணம் பக்கம் குடம் தட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் தட்டத் தட்டத் தகடு இறுகிவிடும், அதற்குமேல் தட்டினால் கீறல் விடும். அதனால் நடுவில் உலையில் காட்டி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். கூட்டின் கழுத்தும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து நெருங்கி இறுகுகிறது. இறுகிய பித்தளை டையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குத் திமிறும். தோள் அளவு கூட்டுக்குக் கூடு மாறும், குண்டைப் பிடிக்கும் பிடி மாறும், கடைசியில் கழுத்து பிளக்கும். கழுத்தையும் தோளையும் மட்டும் சில வினாடி வாட்டினால் மறுபடி இளகும். அடிப்பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் சூடாகக் கூடாது. 62,000 பவுண்டைத் தாங்குவது அந்த இறுக்கம்தான், இளகிய அடி உயிருக்கு ஆபத்து. இதில் எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. நான் டிரில்லில் மாட்டிய சாக்கெட்டில் கூட்டை நிறுத்திச் சுற்றவிட்டு, புரோப்பேன் சுடரைக் கழுத்தில் காட்டுகிறேன். 400 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும் வெப்பச் சாயத்தைக் கழுத்தின் உள்ளேயும், 230க்குப் பக்கம் உருகுவதைத் தோளுக்குக் கீழே உடம்பிலும் தடவிச் சில கூடுகளில் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பது உருக வேண்டும், உடம்பில் இருப்பது உருகக் கூடாது. சூடான கூட்டைத் தண்ணீரில் போடுவதா, காற்றில் ஆற விடுவதா என்று சண்டை போடுவார்கள். இரும்புபோலப் பித்தளை தண்ணீரில் இறுகாது, எப்படி ஆறினாலும் ஒன்றுதான். தண்ணீர் வெப்பத்தை அடிக்குப் போகாமல் நிறுத்தும், அவ்வளவே. ஒவ்வொரு சுற்றுக்கும் வாட்டுவதா, மூன்று நான்குக்கு ஒரு முறையா என்பதில் அனுபவசாலிகளே பிரிந்து நிற்கிறார்கள். நான் நான்குக்கு ஒரு முறை வாட்டுகிறேன். வாட்டத் தொடங்கியபின் என் கூடுகளில் கழுத்துப் பிளவு ஏறக்குறைய நின்றுபோனது.

சடங்கு என்று நீங்கள் சொன்னவற்றில் சில இருக்கின்றன. கூடுகளை எடைவாரியாகப் பிரிப்பதால் பலன் உண்டா என்பது சந்தேகத்துக்குரியது. எடை வித்தியாசம் வெளியே கொக்கி பிடிக்கும் பள்ளத்தின் வெட்டிலும் வரும், அதற்கும் உள்ளிடத்துக்கும் சம்பந்தமில்லை. 300 கஜம் வரை என் இலக்கில் இதனால் எந்த வித்தியாசமும் வரவில்லை. கழுத்தின் தடிமனை வெளியிலிருந்து சீவி ஒரே சீராக்குவது, இறுக்கமான சேம்பர் வெட்டிய போட்டி ரைபிளுக்கு அவசியம், கடை ரைபிளுக்கு வீண். உள்ளே தீத்துளையின் (பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் துளையின்) பிசிறை எடுப்பது ஒரே ஒரு முறை செய்யும் ஐந்து வினாடி வேலை. குத்தித் துளைத்த கூடுகளில் பிசிறு இருக்கும், செய்துவிடுங்கள். பயன் எவ்வளவு என்று என்னால் அளந்து காட்ட முடியவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? பணம் இருந்தால் ஃபின்லாந்து லப்புவாவில் 100 கூடு வாங்குங்கள், ஆனால் பெட்டியில் என்ன பிரைமர் என்று பாருங்கள். .308இல் ‘பால்மா’ என்று ஒரு வகை விற்கிறார்கள். அதற்குச் சிறிய பிரைமர், தீத்துளையும் 1.5 மில்லிமீட்டர்தான், வழக்கமான 2 மில்லிமீட்டருக்குச் செய்த டை ஊசி அதில் மாட்டிக்கொள்ளும். பென்சில்வேனியாவின் பீட்டர்சன், மிசௌரியின் ஸ்டார்லைன் இரண்டும் நல்ல பித்தளை. கழுத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை இருந்தால் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது தொழிற்சாலையில் வாட்டிய அடையாளம். புதுக் கூட்டிலும் வாய் நசுங்கி வரலாம், கழுத்தைச் சரிசெய்து விளிம்பை வழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேறொன்று செய்வேன். ஒரே லாட் எண் உள்ள கடைத் தோட்டா ஐந்து பெட்டி வாங்கி, உங்கள் ரைபிளிலேயே சுட்டு, கூடுகளைப் பத்திரப்படுத்துவேன். பயிற்சியும் ஆயிற்று, உங்கள் சேம்பரின் அளவுக்கே ஊதிய, ஜாதகம் முழுதும் தெரிந்த 100 கூடும் கிடைத்தது. ஐம்பது ஐம்பதாக டப்பாவில் போட்டு, எத்தனை சுற்று, எப்போது வெட்டியது, எப்போது வாட்டியது என்று மூடியின் உள்பக்கம் எழுதுங்கள். டப்பாவுக்கு டப்பா கூடு மாறக் கூடாது. மிதமான அளவில் ஏற்றுவதால் என் கூடுகள் பத்துப் பன்னிரண்டு சுற்று வருகின்றன. அதற்கு முன்பே ஒன்றில் கம்பி பள்ளத்தில் விழுந்தால், அந்த டப்பா முழுவதையும் கம்பி விட்டுப் பார்ப்பேன்.

உங்கள் நானூறில் ஒரே எழுத்து, ஒரே தோற்றம் கொண்ட குவியல் ஏதாவது இருந்து, ஒவ்வொன்றும் கம்பிச் சோதனையில் தேறினால், டை செட் செய்யவும், வெட்டவும், வாட்டவும் கை பழகுவதற்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு விட்டால் நஷ்டமில்லை. மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம், பித்தளைக்கு நல்ல விலை தருவார்கள். போடுவதற்கு முன் சுடாத தோட்டா ஏதும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கூட்டின் வாயையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அதையும் யாராவது பொறுக்கி ஏற்றுவார்கள்.